கால்களில் இருக்கிறது மூச்சு

1954-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் வார்ட் ஃபௌலர் என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். சிலரை அழைத்து, முடிந்த மட்டும் மூச்சை அடக்கச் சொன்னார். இனி ஒரு நொடிகூடத் தாங்காது என்ற கட்டத்தில் அவர்கள் ஒரு குழாய் வழியாக மூச்சை விட்டு இழுத்துக்கொள்ளலாம். ஆனால் குழாயின் மறுமுனையில் இருந்தது நல்ல காற்று அல்ல. அதில் ஆக்சிஜன் சுமார் 8 விழுக்காடுதான். கார்பன் டை ஆக்சைடோ 7.5 விழுக்காடு. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடு ஒரு விழுக்காட்டில் மிகச் சிறிய பின்னம். குழாயில் இருந்ததை இழுத்தால் இரத்தத்தின் நிலை சீராகாது. ஆனாலும் இழுத்தவுடன் அவர்களுடைய தவிப்பு அடங்கியது. மறுபடியும் மூச்சை அடக்க முடிந்தது.

அப்படியானால் அந்த ஒரு இழுப்பு தணித்தது எதை? ஆக்சிஜன் பசியை அல்ல. மார்பு விரிந்து சுருங்கியது, அவ்வளவுதான். அந்த அசைவே மூளைக்குப் போதுமானதாக இருந்தது.

மூச்சுத் திணறல் நுரையீரலில் பிறந்து நுரையீரலிலேயே முடிவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு ஒப்பீட்டில் பிறக்கிறது. மூளைத்தண்டிலிருந்து உதரவிதானத்துக்கும் விலாத் தசைகளுக்கும் 'இழு' என்ற ஆணை போகிறது. அந்த ஆணையின் நகல் ஒன்று மூளையின் மேற்பகுதிக்கும் போகிறது. நுரையீரலும் மார்புச் சுவரும் எவ்வளவு விரிந்தன என்ற செய்தி நரம்புகள் வழியே திரும்பி வருகிறது. கேட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போனால் மூச்சு விடுவதே நமக்குத் தெரிவதில்லை. கேட்டது அதிகம், கிடைத்தது குறைவு என்றால் அந்த இடைவெளிதான் தவிப்பாக உணரப்படுகிறது. மோரன் கேம்பல், ஜாக் ஹவல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1960-களில் இந்தக் கருத்தின் முதல் வடிவத்தை முன்வைத்தார்கள். 1990-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் பான்செட்டின் குழு இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தது. தாமாக முன்வந்த சிலருக்குத் தசைகளை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்து, வென்டிலேட்டர் மூலம் மூச்சு விடவைத்து, கார்பன் டை ஆக்சைடின் அளவை மட்டும் சற்று உயர்த்தினார்கள். ஒரு தசைகூட அசையாத நிலையிலும் அவர்கள் காற்றுக்காகத் தவித்தார்கள். ஆணை உயர்ந்தது, விரிவு உயரவில்லை. தவிப்புக்கு அந்த வித்தியாசமே போதும்.

நாள்பட்ட நுரையீரல் நோய்க்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை அசரவைக்கும் உண்மை இதன் மேல்தான் நிற்கிறது. அந்தப் பயிற்சி நுரையீரலை ஒரு துளியும் குணப்படுத்துவதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் குழாயில் ஊதச் சொல்லி அளந்தால் எண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். கடைத்தெருவுக்குப் போய் வந்திருப்பார். யாருடைய துணையும் இல்லாமல் குளித்திருப்பார்.

முதலில் நோயைப் பார்ப்போம். சிஓபிடி என்று மருத்துவர்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2021-இல் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2016-இல் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது. உலக அளவில் புகையிலை முதல் காரணம். ஆனால் வாழ்நாளில் பீடியையோ சிகரெட்டையோ தொட்டிராத பெண்களுக்கும் இது வருகிறது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் கழித்த வருடங்கள்தான் அங்கே காரணம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவும் தமிழகக் கிராமத்துச் சமையலறைகளில் கருவிகளை வைத்து அந்தப் புகையை அளந்து, உலக விவாதத்துக்கே எண்களைத் தந்தவர்கள்.

இந்த நோயில் சிறிய காற்றுக்குழாய்கள் சுருங்கித் தடிக்கின்றன. காற்றுப்பைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர்கள் உடைகின்றன. அந்தச் சுவர்கள்தான் குழாய்களைச் சுற்றிலும் பிடித்து இழுத்துத் திறந்துவைத்திருந்தவை. அவை போனதும், மூச்சை வெளியே விடும் நேரத்தில் குழாய்கள் மடிந்து மூடிக்கொள்கின்றன. ஆகவே இந்த நோயாளிக்கு முதல் சிக்கல் காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில் இருக்கிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏற வேண்டியவர்கள் முண்டியடிக்கும் டவுன் பஸ் போல, பழைய காற்று வெளியேறி முடிப்பதற்குள் அடுத்த மூச்சு உள்ளே நெருக்குகிறது.

அது எப்படி இருக்கும் என்பதை நல்ல நுரையீரல் உள்ளவர்கள் ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். முழு மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் மட்டும் வெளியே விடுங்கள். இப்போது மீதியை விடாமல், அந்த உச்சியிலேயே நின்றபடி சின்னச் சின்னதாக நாலைந்து முறை மூச்சு விட்டுப் பாருங்கள். அந்த நிலையில் ஒரு மாடி ஏறுவதை எண்ணிப் பாருங்கள். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் டெனிஸ் ஓடானல் பல ஆண்டுகளாக அளந்து காட்டியது இதைத்தான். நடக்கத் தொடங்கியதும் மூச்சின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் வெளியே விடக் கிடைக்கும் நேரம் குறைகிறது. உள்ளே சிக்கும் காற்று ஏறுகிறது. குடைபோல வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி, இழுக்கும் வலுவை இழக்கிறது. மூளை இன்னும் உரக்க ஆணையிடுகிறது. மார்போ ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது.

வேகமாக மூச்சு விடுவதே இங்கே தீங்கு. அந்த வேகத்தை யார் கேட்கிறார்கள் என்று தேடிப் போனபோதுதான் ஆய்வாளர்கள் கால்களில் வந்து நின்றார்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கீரன் கிலியனும் நார்மன் ஜோன்ஸும் நோயாளிகளைச் சைக்கிள் கருவியில் மிதிக்கவைத்து, எதனால் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். மூச்சு என்ற பதிலைத்தான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கணிசமானவர்கள் கால் ஓய்ந்துவிட்டது என்றார்கள். கியூபெக்கில் பிரான்சுவா மால்டே நோயாளிகளின் தொடைத் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தார். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் நொதிகள் அங்கே குறைந்திருந்தன. அப்படிப்பட்ட தசை சிறிய வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அமிலத்தைச் சமன்செய்ய இரத்தத்திலுள்ள பைகார்பனேட் செலவாகும். அந்த வேதிவினையில் கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். அதை வெளியேற்ற மூளை மூச்சை விரட்டும். தொடையில் தொடங்கிய ஒன்று மார்பில் வந்து திணறலாக முடிகிறது.

தொடை ஏன் அப்படி ஆனது? நோயின் அழற்சி, ஸ்டீராய்டு மருந்துகள், சத்துக் குறைவு எல்லாம் காரணம்தான். ஆனால் பெரிய காரணம் உட்கார்ந்திருப்பது. மூச்சு வாங்குகிறது, அதனால் நடப்பதில்லை. நடக்காததால் தசை கரைகிறது. தசை கரைந்ததால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. “நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று பாசத்தோடு சொல்லும் பிள்ளைகள் அறியாமலே இந்தச் சுழலுக்குத் துணைபோகிறார்கள். எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்து அளந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. பத்து நாளில் அவர்களுடைய கால்கள் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்திருந்தன. நுரையீரல் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து வீடு திரும்புபவர், போகும்போது இருந்த கால்களோடு திரும்புவதில்லை.

மருத்துவமும் நெடுங்காலம் ஓய்வையே சொல்லிவந்தது. காசநோய்ச் சானடோரியங்கள் கட்டிலையும் வராந்தாவையும் நம்பி எழுந்தவை. அதற்குள்ளேயும் 1905 வாக்கில் இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பாட்டர்சன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூடும் உடலுழைப்பைக் கொடுத்துப் பார்த்தார். அந்த யோசனை பரவலாகவில்லை. 1952-இல் நியூயார்க்கின் ஆல்வன் பராக் காற்றுப்பைச் சுவர்கள் உடையும் எம்ஃபைசிமா கண்ட தம் நோயாளிகளை ஆக்சிஜன் உதவியோடு நடக்கவைத்தார். சில வாரங்களில் அவர்கள் ஆக்சிஜன் இல்லாமலே முன்னைவிட நன்றாக நடந்தார்கள். ஓட்டப்பந்தய வீரர்களின் உடலில் பயிற்சி ஏற்படுத்தும் மாற்றத்தைப் போன்ற ஒன்று இவர்களிடமும் நடந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். சரியான ஊகம். ஆனாலும் காதில் போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. 1960-களில் டென்வரில் தாமஸ் பெட்டி, கையோடு எடுத்துச் செல்லும் ஆக்சிஜன், மூச்சுப் பயிற்சி, நடை, நோயைப் பற்றிய கல்வி எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஒரு திட்டமாகவே நடத்தினார்.

நடை உதவுகிறது என்று தெரிந்தாலும் எப்படி உதவுகிறது என்ற கேள்வி நின்றது. நோயாளிக்குத் தைரியம் வருகிறது, மற்றபடி உடலில் ஒன்றும் மாறவில்லை என்று பலர் சொன்னார்கள். 1991-இல் ரிச்சர்ட் காசபுரி, கார்ல்மன் வாசர்மன், இத்தாலியின் கிளாடியோ டோனர் ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அந்தச் சந்தேகத்தை உடைத்தது. நோயாளிகள் 19 பேர். ஒரு பிரிவு கடினமாக மிதித்தது. இன்னொரு பிரிவு மெதுவாக, ஆனால் மொத்த வேலை சமமாகும்படி கூடுதல் நேரம் மிதித்தது. எட்டு வாரம் கழித்து அதே சுமையைக் கொடுத்தபோது, கடினமாக உழைத்தவர்களின் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதோடு சேர்ந்து அவர்களுக்குத் தேவைப்பட்ட மூச்சும் குறைந்திருந்தது. மெதுவாகச் செய்தவர்களுக்கும் பலன் இருந்தது, ஆனால் சிறியது. மால்டே மறுபடியும் ஊசியை எடுத்தார். பயிற்சி பெற்ற தசைகளில் அந்த நொதிகள் உயர்ந்திருந்தன. நுரையீரல் அப்படியே இருக்க, கால்கள் மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டிருந்தன.

பயிற்சிக்கூடத்தில் நடப்பது பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. முதலில் 30 மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, கடந்த தூரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதயக் கோளாறு ஏதும் இல்லையா என்று பார்ப்பார்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை, நடை, சைக்கிள், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், கைகளுக்கு எடை தூக்குதல். தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்கினாலே சிலருக்கு மூச்சு வாங்கும் என்பதால் கைகளையும் விடுவதில்லை. விரலில் ஆக்சிமீட்டர் இருக்கும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை விடக் கற்றுத் தருவார்கள். அப்படி ஊதும்போது குழாய்களுக்குள் சிறிது அழுத்தம் நிலைத்து, அவை மடிவது தள்ளிப்போகிறது; சிக்கிய காற்று வெளியேற நேரமும் கிடைக்கிறது. சோர்ந்தால் முன்னால் சாய்ந்து முழங்காலில் கைகளை ஊன்றி நிற்கச் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோல் ஒன்று சுவரில் இருக்கும். பூஜ்யம் என்றால் மூச்சு வாங்கவே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. பயிற்சியில் நோயாளி ஏறக்குறைய நாலுக்கும் ஆறுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது, வருடக்கணக்காக எதைக் கண்டு ஓடினாரோ அந்தத் திணறலை வேண்டுமென்றே, பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்க, வரவழைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அது தணிவதைத் தானே பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால் செத்துவிடுவோம் என்ற அச்சத்தை எந்த அறிவுரையும் இவ்வளவு உறுதியாக நீக்காது.

அந்த அச்சம் மூளையில் இருப்பதும் காட்டப்பட்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கைல் பாட்டின்சனின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சு வாங்கவைக்கும் சூழ்நிலைகளைக் குறிக்கும் சொற்களை நோயாளிகளுக்குக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பிறகு, அச்சத்தோடும் உடலுணர்வோடும் தொடர்புடைய பகுதிகள் எதிர்வினையாற்றும் விதம் மாறியிருந்தது. கேம்பிரிட்ஜில் சாரா பூத்தின் குழு இன்னும் எளிய ஒன்றைச் சோதித்தது. கையடக்க மின்விசிறியை ஐந்து நிமிடம் முகத்துக்கு நேரே பிடிப்பது, இன்னொரு முறை காலுக்கு நேரே பிடிப்பது. முகத்தில் பட்ட காற்றே திணறலைக் குறைத்தது. கன்னத்திலும் மூக்கின் ஓரத்திலும் குளிர்ச்சியை உணரும் நரம்பு, காற்று வருகிறது என்ற செய்தியை மூளைக்குச் சொல்கிறது. ஃபௌலரின் குழாய் செய்ததற்குப் பக்கத்தில் நிற்கும் காரியம் இது. ஜன்னலைத் திற, விசிறியைப் போடு என்று இளைப்புக்காரர்கள் கெஞ்சும்போது வீட்டார் அதை வெறும் பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது.

பலன் எவ்வளவு? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 200 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. ஆறு வாரப் பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் அங்கே கழித்தது சராசரியாக 10 நாள், மற்றவர்கள் 21 நாள். வேல்ஸ் இந்த வரலாற்றில் தற்செயலான இடம் அல்ல. மூச்சு வாங்குவதை ஐந்து படிகளாகப் பிரித்து இன்றுவரை உலகெங்கும் கேட்கப்படும் கேள்விகள், 1940-களில் அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த சார்லஸ் ஃபிளெச்சரின் வேலையிலிருந்து வந்தவை. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆறு நிமிட நடை சராசரியாக 44 மீட்டர் கூடியிருந்தது. 30 மீட்டர் கூடினாலே நோயாளி வித்தியாசத்தை உணர்வார் என்பது பொதுவான கணக்கு. பயிற்சி உதவுமா என்று இனிமேலும் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்லி அந்தத் தொகுப்பையே மூடிவிட்டார்கள். அறிவியலில் அரிதாக நடப்பது இது.

இவ்வளவு உறுதியான சிகிச்சை எத்தனை பேரை எட்டுகிறது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,97,376 முதியவர்களின் பதிவுகளை ஒரு குழு ஆராய்ந்தது. மூன்று மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கியவர்கள் 1.5 விழுக்காடு. அவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 விழுக்காடு, தொடங்காதவர்களில் 19.6 விழுக்காடு. ஓரளவு திடமாக இருந்தவர்களே பயிற்சிக்கு வந்திருப்பார்கள் என்பதால் இந்த இடைவெளி முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. அதையெல்லாம் கழித்த பின்பும் அது கணிசமாகவே நின்றது. பணமும் காப்பீடும் உள்ள நாட்டிலேயே நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்றால் நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஹேலர் எழுதித் தரும் சீட்டில் நடை எழுதப்படுவதில்லை.

நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. காசநோய் குணமான பிறகும் பலருடைய நுரையீரலில் தழும்புகள் தங்கி, வாழ்நாள் முழுவதும் இளைப்பு தொடர்கிறது. கிருமி போய்விட்டதால் அரசுப் பதிவேட்டில் அவர் குணமடைந்தவர். படியேறும்போது அவர் நோயாளி. காசநோய் விஷயத்தில் சென்னைக்கு ஒரு பழைய பெருமை இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், காசநோயாளிகள் சானடோரியக் கட்டிலில் படுத்தாலும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நிரூபித்தது. படுக்கை ஓய்வு கட்டாயம் என்ற நம்பிக்கையை உலக அளவில் தகர்த்த ஆய்வுகளில் அது தலையாயது. காசநோய்க்குப் பிந்தைய நுரையீரலுக்கான மறுவாழ்வுப் பயிற்சியை உகாண்டாவின் கம்பாலாவில் மக்கரேரே பல்கலைக்கழகத்தினர் சோதித்து, நடைதூரமும் வாழ்க்கைத் தரமும் உயர்வதைக் கண்டார்கள். பிரிட்டனின் லெஸ்டரிலிருந்து சாலி சிங் வழிநடத்தும் கூட்டுமுயற்சி ஒன்று உகாண்டா, கிர்கிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் உள்ளூருக்கு ஏற்ற வடிவங்களைத் தேடிவருகிறது.

விலையுயர்ந்த ட்ரெட்மில் இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியா பதில் தந்திருக்கிறது. மெல்போர்னில் ஆன் ஹாலண்டின் குழு 166 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வரச் சொன்னது. மறுபாதியின் வீட்டுக்கு ஒரே ஒரு முறை பிசியோதெரபிஸ்ட் போனார். பிறகு வாரம் ஒன்றாக ஏழு தொலைபேசி அழைப்புகள். எட்டு வாரத்தின் முடிவில் வீட்டில் நடந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவினரும் பெற்றதில் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். தசைக்குச் சேமிப்புக் கணக்கு கிடையாது. நடை நின்றால் அதுவும் கரையத் தொடங்கும். பயிற்சியை எப்படிப் பழக்கமாக ஆக்குவது என்பதே இந்தத் துறையின் இன்றைய பெரிய கேள்வி. சீனத்தில் தாய்ச்சி, பிரிட்டனில் கூட்டுப்பாட்டு என்று மக்கள் விட்டுவிடாத வடிவங்களைத் தேடுவது அதனால்தான்.

தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. மெல்போர்ன் கணக்குப்படி ஒரு இளைப்பு நோயாளிக்குத் தேவை ஒரு வருகை, ஏழு அழைப்பு, விரலில் மாட்டும் ஒரு ஆக்சிமீட்டர், கைகொடுக்க ஒரு நாற்காலி, எடைக்குத் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள். ஓராண்டுக்குப் பிறகும் நடை தொடர்கிறதா என்று கேட்க அதே பணியாளர் அதே தெருவுக்கு மறுபடி வரத்தான் போகிறார். மெல்போர்னில் இல்லாத அந்த வசதி இங்கே இருக்கிறது. காசநோய் மருந்தை முடித்தவர்களையும், அடுப்புப் புகையில் நுரையீரலைத் தேய்த்த பெண்களையும் அவருடைய பட்டியலில் சேர்ப்பதே முதலில் செய்ய வேண்டிய வேலை.